லிஃப்டில் ஒரு வாத்து

காலையில் சித்தி எழுந்து உட்கார்ந்ததும் சித்தப்பா செய்யும் முதல் வேலை சித்தியின் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது. தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோவார். தண்ணீரை நூல்போலத் திறந்து இரண்டு பக்கமும் நனைப்பார். காய்ந்த கண்ணாடியைத் துடைத்தால் தூசியே கீறிவிடும் என்பது அவர் கட்சி. ஆள்காட்டி விரலால் சோப்பை ஒரே ஒரு தொடு தொட்டு, இடது பக்கத்தில் வட்டமாகத் தடவி, பிறகு வலது. அலசி, உதறி, கடையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுவார். மூக்கில் உட்காரும் இரண்டு குமிழ்களின் இடுக்கில் துணியின் முனையைத் திரித்து நுழைப்பார். ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் மாட்டிவிட்டு, கட்டைவிரலால் மூக்கின் மேல் லேசாக ஓர் அழுத்து.

"தெரியுதா?"

கல்யாணமான வருடத்தில் தொடங்கிய பழக்கம் என்று சொல்வார்கள். முன்பெல்லாம் சித்தியிடமிருந்து "தெரியாம என்ன, போய் வேலையப் பாருங்க" என்று பதில் வரும். படுக்கையில் விழுந்த பிறகு கண்ணை ஒரு முறை மூடித் திறப்பார். அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் சோதிப்பது, லென்ஸ் தேய்ப்பது, ஃப்ரேமில் பொருத்துவது மூன்றும் அவரே. முதலாளி கல்லாவில் உட்காருவதோடு சரி. கடைவீதியில் சித்தப்பாவுக்குப் 'பவர்' என்று பெயர். எதிரே வருபவரின் கண்ணாடியை நாலடி தூரத்திலிருந்து பார்த்தே மைனஸ் ரெண்டே கால், இடது கொஞ்சம் கூட என்று சொல்லிவிடுவார். மனிதர்களின் பெயர் அவர் மண்டையில் நிற்காது, பவர் நிற்கும். "அந்த ப்ளஸ் ஒண்ணரையோட பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்காம்" என்று வீட்டில் வந்து சொல்வார். சித்திக்கு அது உடனே யாரென்று புரியும் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சித்தியின் கண்ணைப் பற்றி அவருக்கு ஒரு பெருமையே உண்டு. "இந்த மாதிரிக் கண்ணு ஊர்லயே நாலு பேருக்குத்தான். கண்ணாடியக் கழட்டினா, நீட்டின கைக்கு அப்பால எல்லாமே மூட்டம்" என்பார், ஏதோ அவரே பாடுபட்டுச் சேர்த்து வைத்தது போல. சித்தி போட்டுக்கொண்ட ஒவ்வொரு கண்ணாடியும் அவர் கையால் தேய்த்தது. வேறு யாரையும் தொட விட்டதில்லை.

நான் அவருடைய அண்ணன் மகன். ஓர் அச்சகத்தில் ரசீதுப் புத்தகம், விண்ணப்பப் படிவம் இவற்றுக்கெல்லாம் மெய்ப்புப் பார்க்கிறேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தேன். என் கவிதைப் புத்தகங்களைச் சித்தப்பா எப்போதாவது புரட்டுவார். "காகிதத்தக் காசு குடுத்துதானே வாங்குறான், ஏன் பாதிப் பக்கத்தச் சும்மா விட்டிருக்கான்?" என்று அச்சகத்துக்காரனிடம் புகார் சொல்வது போல என்னிடம் கேட்பார். யாரிடமும் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வராது. அந்த வீட்டில் நடந்ததை நான் பெரும்பாலும் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தவன்.

சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. கையில் பிடித்த கிளிப்போடு விழுந்து கிடந்தார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது வலது கையும் காலும் சொன்னதில் பாதிதான் கேட்டன. முகத்தின் வலது பக்கம் இறங்கியிருந்தது. பேச்சு 'வேண்டாம்', 'சரி', 'இருங்க' என்ற மூன்று சொற்களில் வந்து நின்றது. சாப்பாடு மூன்றாவது கரண்டியில் 'வேண்டாம்' ஆகிவிடும். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்தச் சுவரில் எதுவும் இல்லை, ஓர் ஆணிகூட.

வாரத்துக்கு இரண்டு முறை பேச்சுப் பயிற்சி டீச்சர் வீட்டுக்கு வருவார். சின்னப் பெண். சித்தியின் எதிரே உட்கார்ந்து உதட்டைக் குவித்தும் விரித்தும் காட்டுவார். சித்தியின் இடது பக்கம் மட்டும் அதைத் திருப்பிச் செய்யும். ஒரு நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சித்தப்பாவிடம் ஒன்று சொன்னார். சிரியுங்கள் என்று சொன்னால் அசையாத பக்கம், சிரிப்பு தானாக வந்தால் சில பேருக்கு அசையுமாம். அதற்கு மூளையில் வேறு பாதையாம்.

"அவங்களுக்குப் பிடிச்சது எதையாவது காட்டுங்க சார். ஒரு தடவ நெஜமா சிரிச்சுட்டாங்கன்னா எனக்குப் பாதி வேலை மிச்சம். ஆனா முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் வரும். அதுக்கப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அதற்குள் இரண்டு மாதம் போயிருந்தது.

சிக்கல் என்னவென்றால், சித்தி நன்றாக இருந்த காலத்திலேயே சிரிக்கிற ஆள் இல்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அதுதான் அவருடைய சிரிப்பு. சித்தப்பா நேர்மாறு. அவர் சிரித்தால் தெருமுனையில் கேட்கும்; ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று சட்டை போடாமல் ஓடி வந்தார். சித்தி விழுந்த நாளிலிருந்து அந்தச் சத்தமும் வீட்டில் இல்லை. தொலைக்காட்சியில் வருகிற நகைச்சுவைக் காட்சிகளையெல்லாம் சித்தப்பா போட்டுப் பார்த்தார். சித்தி கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் சித்தப்பா மாடியேறி வந்தார். வழக்கமாகக் கீழே இருந்து கூப்பிடுவதோடு சரி. என் கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு சமநிலைக்கு வரும்வரை என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவ சிரிச்சிருக்கா," என்றார்.

கல்யாணமாகிப் பதினோராவது நாள். ஒரு தியேட்டர் மேனேஜருக்குச் சித்தப்பா கண்ணாடிக் காலைச் சரிசெய்து கொடுத்திருந்தார். அவர் நன்றிக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சி, ஆங்கிலப் படம். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் ஆங்கிலத்தில் ஓர் அட்சரம் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படம். அப்போதே பழசு. பெரிய ஹோட்டல் ஒன்றில் நடக்கும் கதை. பியானோ பழுது பார்க்க வந்தவன் ஒருவன், அங்கே தங்கியிருக்கும் பணக்காரப் பெண் ஒருத்தி. முதலிலிருந்து இரண்டு பேருக்கும் சண்டை. ஏதோ ஒரு காரணத்தால் அவன் ராத்திரி உடையில், கழுத்தில் டை மட்டும் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வாத்தோடு லிஃப்டில் மாட்டிக்கொள்கிறான். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிறது. ஒவ்வொரு முறையும் வெளியே வேறு வேறு ஆட்கள்: ஒரு பாதிரியார், கல்யாணக் கூட்டம், போலீஸ். அவன் ஒவ்வொரு முறையும் வாத்தை மனைவியைப் பிடிப்பது போலத் தோளோடு அணைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுகிறான். கதவு மூடுகிறது.

"நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். என் சிரிப்புதான் உனக்குத் தெரியுமே. பாத்தா, பக்கத்துல இவளும் சிரிக்கிறா. அப்பிடி ஒரு சிரிப்பு. முன் வரிசைக்காரன் திரும்பிப் பாக்குறான். சிரிச்சு சிரிச்சுத் தண்ணி வந்து, கண்ணாடியக் கழட்டி, என் கைக்குட்டைய வாங்கித் தொடச்சா. இன்னிக்கும் என் கண்ணுக்குள்ள நிக்குது."

அதற்கு முன்னும் பின்னும் சித்தி அப்படிச் சிரித்ததில்லை. படத்தின் பெயர்? அவர் கையை விரித்தார். கதாநாயகன் யார்? வெள்ளைக்காரன். எப்படி முடிந்தது? அதுவும் தெரியாது, பஸ்ஸுக்காகக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டார்களாம்.

"கண்டுபிடிச்சுக் குடுடா. உனக்கு இங்கிலீஷ் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும். அரை மணி நேர வேலைதானே."

நானும் அரை மணி நேரம் என்றுதான் நினைத்தேன். ஹோட்டல், பியானோ, வாத்து, லிஃப்ட் என்று எல்லா வரிசையிலும் தட்டிப் பார்த்தேன். ஹோட்டல் விளம்பரங்கள் வந்தன. பழைய படங்களைத் தேடுபவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில், மூன்று நாள் யோசித்து, எட்டு வரி எழுதிப் போட்டேன். நேரில் பேசத் தெரியாதவனுக்கு அந்த இடம் வசதி. எங்கெங்கோ இருந்த முன்பின் தெரியாதவர்கள் பதில் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சந்தேகமே இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு படத்தைச் சொன்னார்கள்.

அதற்கிடையில் பொது நூலகத்துக்குப் போனேன். கல்யாணத் தேதி தெரியும். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையும் தெரியும்: மார்ச் பதினேழு. பழைய செய்தித்தாள்களைக் கட்டி வைத்திருந்த அறையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தாளைத் திருப்பினேன். அந்தத் தியேட்டரின் விளம்பரம் அகப்பட்டது. மூன்று காட்சியாக ஓடிய படத்துக்கு அரைப் பக்கம். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'காலை பத்து மணிக்கு ஆங்கிலச் சிரிப்புப் படம்.' பெயர் போடவில்லை. பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று அந்த மேனேஜர் நினைத்திருக்க வேண்டும்.

அதை நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். சித்தப்பா பொடி எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி வைத்து அதைப் படித்தார். "பாத்தியா, சிரிப்புப் படம்னே போட்டிருக்கான்" என்றார். மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது தரை ஓடு விற்கிறார்கள். மேனேஜர் இறந்துவிட்டார். அவருடைய மகனைத் தேடிப் போனோம். நாற்காலிகளை விற்றபோது பதிவேடுகளையும் எடைக்குப் போட்டுவிட்டதாக அவர் சொன்னார். நாற்காலி வேண்டுமென்றால் இரண்டு இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

மூன்றாவது மாதம் முடியும் தறுவாயில் சித்தப்பா ஒரு வழி சொன்னார். "நீ கேக்குற முறையே தப்பு. எப்பிடி இருந்துச்சுன்னு கேக்காதே. கண்ணு சோதிக்கும்போது, எப்பிடித் தெரியுதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியாது. ரெண்டு லென்ஸ மாத்தி மாத்திப் போட்டு, இதுவா அதுவான்னு கேக்கணும். அப்பத்தான் பிடி கிடைக்கும்."

அப்படியே செய்தோம். சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்ததும் எதிரெதிரே உட்காருவோம். கதாநாயகனுக்கு மீசை உண்டா, இல்லையா? அவள் தொப்பி பெரிசா, சின்னதா? லிஃப்டின் கதவு பக்கவாட்டில் நகர்வதா, மடிப்புக் கம்பியா? சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு "ரெண்டாவது... இல்ல, மொதல்ல சொன்னதே" என்பார். நான் குறித்துக்கொள்வேன். சரியாகக் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுவார். "இதுக்கு மேல போனா நம்பக் கூடாது. ஆளு களைச்சுப் போயி, எதப் போட்டாலும் இதுதான் நல்லாத் தெரியுதுன்னுடுவான். எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வரச் சொல்லணும்." அவரே எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

குறித்ததை வைத்து, குழுவில் சொன்ன படங்களை வடிகட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக, சில வாரம் இரண்டாக, மாடியில் என் மடிக்கணினியில் பார்த்தோம். சரியான படம் அகப்பட்ட பிறகு சித்திக்குக் காட்டுவது என்று பேச்சு. முதல் படத்தைப் பத்து நிமிடத்தில் தள்ளினார். இரண்டாவதில் ஹோட்டல் இருந்தது, வாத்து இல்லை. மூன்றாவதில் வாத்து இருந்தது. அது சமைத்த வாத்து.

இந்த இடத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். முதல் படத்தில் கதாநாயகி ஒரு மதுக்கடையில் பாடுவாள். அடுத்த வாரம் சித்தப்பா தன் படத்தைச் சொன்னபோது அதிலும் அவள் பாடினாள். நான்காவது படத்தின் நாயகன் கண்ணாடி போட்டிருந்தான். அதிலிருந்து பியானோக்காரனுக்கும் கண்ணாடி வந்துவிட்டது. பவர் என்ன என்றுகூடச் சொன்னார். ஐந்தாவதில் ஒரு ரயில். மறுவாரம் அவருடைய ஹோட்டலுக்கு முன்னால் ரயில் நின்றது. நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்ததால் எது எங்கிருந்து வந்தது என்று எனக்கு வரிக்கு வரி தெரிந்தது. பிழையைப் பார்ப்பதுதானே என் வேலை. ஆனால் சொல்லவில்லை. நாங்கள் பார்க்கும் ஒவ்வொரு படமும் அந்த ஒரு படத்தின் மேல் பூசப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு விஷயங்கள்தான் கடைசிவரை அசையாமல் நின்றன. ஒன்று லிஃப்டில் இருந்த வாத்து. மற்றது சித்தி கண்ணாடியைக் கழற்றி, அவர் கைக்குட்டையை வாங்கித் துடைத்தது.

குழுவில் ஒரு பெரியவர், அப்படித்தான் நினைக்கிறேன், நீளமாக எழுதினார். ஐம்பது வருடமாக இந்த வகைப் படங்களையே பார்த்து வருபவர். லிஃப்டில் வாத்து என்று ஒரு காட்சி தன் நினைவில் எங்கும் இல்லை என்றார். அந்தக் காலத்துப் படங்களில் எத்தனையோ பிரதிகூட மிஞ்சாமல் எரிந்தும் பிசுபிசுத்தும் போய்விட்டன, உங்கள் சித்தப்பா பார்த்தது அந்தப் படத்தின் கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம் என்று முடித்திருந்தார். என்ன எழுதியிருக்கிறார் என்று சித்தப்பா கேட்டார்.

"தெரியலையாம்," என்றேன்.

அக்கா, அதாவது அவர்களுடைய ஒரே மகள், வேறு ஊரிலிருந்து தினமும் கூப்பிடுவாள். விஷயம் அவள் காதுக்கு எட்டியிருந்தது. "அம்மாவ டாக்டருக்குக் காட்டச் சொன்னா, நீங்க அம்மாவுக்கு சினிமா காட்டறீங்களாப்பா" என்றாளாம். சித்தப்பா அதை என்னிடம் சொல்லிவிட்டு, அவள் கேட்டதில் தப்பில்லை என்றும் சொன்னார். கீழே சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்று கரண்டி இரண்டாகியிருந்தது.

ஒன்பதாவது படம் பார்த்தபோது ஐந்தரை மாதம் முடிந்திருந்தது. அதில் ஹோட்டல் இருந்தது, சண்டை போடும் ஜோடி இருந்தது, லிஃப்டும் இருந்தது. லிஃப்டில் ஒரு நாய். நாயகன் பாடகன்; பியானோ ஓரமாக ஒரு காட்சியில் நின்றது. லிஃப்ட் ஒரே ஒரு மாடியில் திறந்து மூடியது. சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுதான்டா."

நான் அவரைப் பார்த்தேன்.

"நாய்தான். வாத்துன்னு நான்தான் தப்பா நெனச்சுட்டு இருந்திருக்கேன்."

நாற்பத்தொரு வருடமும் எட்டுப் படமும் தாண்டி நின்ற வாத்து அது. அவர் கண்கள் சிவந்திருந்தன. கடையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் களைத்துப்போய்ச் சொல்வதை, அவர் நம்பக் கூடாது என்று சொன்னதை, அவரே சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் சித்தப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சரி சித்தப்பா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சி. சித்தப்பா முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டார். ஜன்னல்களைப் போர்வையால் மறைத்தார். அச்சகத்திலிருந்து நான் ஒரு பெரிய திரை இரவல் வாங்கி வந்திருந்தேன். இரண்டு நாற்காலிகளைக் கைப்பிடி உரசும்படி போட்டு, தியேட்டரில் உட்கார்ந்த மாதிரியே சித்தியைத் தன் இடது பக்கம் உட்கார வைத்தார். வலது தோளுக்கு அண்டை கொடுக்கத் தலையணை. காலையில் ஏற்கனவே துடைத்த கண்ணாடியை மறுபடி கழற்றிக் கொண்டுபோய்க் கழுவி வந்தார். பேன்ட் பையில் ஒரு புதுக் கைக்குட்டை முக்கோணமாகத் தெரிந்தது.

நான் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்குத் திரைக்கு முன்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், சித்தப்பா திரையைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு வேடிக்கை வரும்போதும் அதற்கு முன்பாகவே சித்தி பக்கம் திரும்பி, அவருடைய வாயின் வலது ஓரத்தைப் பார்த்தார். லென்ஸில் ஒரு பொட்டைத் தேடுகிற பார்வை. சித்தியின் முகமும் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்துகொண்டே இருந்தது. அதாவது அவரும் திரையைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கவனம் ஓரிடத்தில் நிற்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதுதான் இது என்று நினைத்தேன். சித்தப்பா விரலால் திரையைக் காட்டி "அங்க பாரு, லிஃப்ட் வருது பாரு" என்றார். சித்தி கீழ்ப்படிந்து அங்கே பார்த்தார். கதவு திறந்தது, நாய் குரைத்தது, மூடியது. சித்தி மறுபடி இவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டார்கள். போர்வையை எடுத்ததும் வெளிச்சம் வந்து எங்கள் மூவர் மேலும் விழுந்தது. சித்தப்பா பையில் இருந்த கைக்குட்டையை உள்ளே தள்ளினார்.

அப்போது சித்தி வாயைத் திறந்தார். இடது பக்கம் மட்டும் முயன்றது. வெகு நேரம் பிடித்தது.

"நீங்க... சிரிக்கல."

சித்தப்பா என்னைப் பார்த்து, "ரெண்டு புது வார்த்தைடா" என்றார். செவ்வாய்க்கிழமை டீச்சர் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். டீச்சரும் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த இரண்டு சொல்லையும் மறுபடி வரவழைக்க அரை மணி நேரம் பாடுபட்டார்கள். "சொல்லுங்கம்மா, நீங்க. சொல்லுங்க, சிரிக்கல." சித்தி "வேண்டாம்" என்றார்.

ஆறு மாதம் முடிந்தது. அதற்கப்புறம் சித்தப்பா படத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் குழுவைத் திறப்பதை விட்டேன். டீச்சர் வாரத்துக்கு ஒரு முறை வந்தார், பிறகு நின்றார். காலையில் கண்ணாடி துடைப்பது மட்டும் ஒரு நாள் தவறவில்லை. குளிர்காலத்தில் சித்திக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. நான்கு நாள்தான்.

அக்கா வந்து, அழுது, அலமாரியை ஒழுங்குபடுத்திவிட்டுப் போனாள். கடையில் பழைய கண்ணாடிகளை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டு. சித்தியின் கண்ணாடியைச் சித்தப்பா வழக்கம்போலக் கழுவித் துடைத்து அதில் போட்டாராம். மூன்று மாதம் கழித்தும் அது அங்கேயே கிடந்தது. "அந்தப் பவருக்கு ஆள் கிடைக்கணுமே" என்றார்.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாதம் நடந்த ஒன்று. கடையில் பின்னறை முழுக்க அட்டைகள். கண் சோதித்தவர்களின் பெயர், தேதி, பவர் எழுதிய அட்டைகள், நாற்பது நாற்பத்தைந்து வருடத்துக்கானவை. அவற்றைக் கணினியில் ஏற்றிவிட்டு அறையைக் காலி செய்ய முதலாளி விரும்பினார். எனக்குத் தட்டச்சு வரும் என்பதால், அச்சக வேலை முடிந்ததும் சாயங்காலங்களில் போய் உட்கார்ந்தேன். சித்தப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கொருவர் பேச வேண்டியதில்லை.

மூன்றாவது வாரத்தில், மிகப் பழைய இழுப்பறையில், சித்தியின் முதல் அட்டை வந்தது. கையெழுத்து சித்தப்பாவுடையது, இப்போதைவிடச் சாய்வாக. வலது மைனஸ் ஐந்து, இடது மைனஸ் ஐந்தேகால். தேதி ஜூலை ஒன்பது, கல்யாணமான அதே வருடம். 'இதற்கு முன் கண்ணாடி' என்ற கட்டத்தில் 'இல்லை, முதல் தடவை' என்று எழுதியிருந்தது.

படம் பார்த்தது மார்ச் பதினேழு. அன்று கழற்றித் துடைக்கச் சித்தியிடம் கண்ணாடியே கிடையாது. திரை இருந்த தூரத்தில் அவருக்கு வெளிச்சமும் மூட்டமும்தான் இருந்திருக்கும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சிரிக்கிறார் என்பது வரைக்கும் தெரிந்திருக்கும்.

அட்டையில் கடைசிக் கட்டம், 'எப்போதிலிருந்து'. அதில் சித்தப்பா எழுதியிருந்தது: 'சின்ன வயசிலிருந்து. கல்யாணத்துக்காக வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார்களாம்.'